பழைய டாஸ் கேமும் மெமரியில் தங்கும் நிரல்களும்: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

தைப்பூசக் காவடி விடுமுறையன்று சித்தப்பா மகன் இங்கே மொரீஷியஸிலேயே கத்ர் போர்னிலிருந்து வந்திருந்தான். கியூர்பிப்பில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டிலிருந்து சித்தப்பாவின் 486 கம்ப்யூட்டரை எடுத்துத் துடைத்து, ஓட வைத்துவிட்டானாம். அதில் 8 எம்.பி. மெமரி இருக்கிறது. ஆனால் விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடும், 1991-இல் வந்த ஃபால்கன் 3.0 கேமைப் போட்டால், மெமரி போதாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. "எட்டு எம்.பி. இருக்கே அண்ணே, எப்படிப் பத்தாமப் போகும்?" என்றான்.

அதே மாதம் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ரோஸ் ஹில்லில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். சைடுகிக் என்ற பழைய டாஸ் நிரலின் குறிப்பேட்டில் அவர் எழுதி வைத்த பழைய குறிப்புகள் முன்போலவே ஒரு விசை தட்டலில் திறக்க வேண்டும். அதே திரையில் பேரனுக்குப் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் ஓட வேண்டும். அப்புறம் பக்கத்துத் தீவான ரியூனியனில், சேந்த்-ஆந்திரேயில் இருக்கும் அத்தை மகள். புது லேப்டாப், பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டு, 1992-இன் அலோன் இன் தி டார்க் கேமின் சிடி.

மூவருக்கும் நோய் ஒன்றுதான், மருந்து வேறு வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் முதலில் கேட்கும் கேள்வி கேமைப் பற்றியது அல்ல. மெமரியில் ஏற்கெனவே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் யார் உண்மையிலேயே வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் வழி பாதி முடிவாகிவிடும்.

## ஏன் இடம் போதவில்லை

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப், மொத்தம் 1 எம்.பி. முகவரிகளைத்தான் எட்டும். அதில் மேலே இருந்த 384 கே.பி.யைத் திரைக்கும் மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கும் கார்டுகளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். நிரல்களுக்கு மிஞ்சியது கீழே உள்ள 640 கே.பி. மெஷினில் எத்தனை எம்.பி. இருந்தாலும் சாதாரண டாஸ் நிரல் இந்த 640-க்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

அந்த வீட்டில் கேம் மட்டும் இல்லை. ஒரு நிரல் தன் வேலை முடிந்ததும் முழுக்க வெளியேறாமல், "என்னை இங்கேயே விட்டு வை" என்று டாஸிடம் கேட்டுக்கொண்டு தங்கிவிட முடியும். அப்படித் தங்கியவை கீபோர்டு, கடிகாரம் ஆகியவற்றின் இன்டரப்டுகளை (சிபியுவைக் கூப்பிடும் அழைப்பு மணிகளை) பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எழுந்து வரும். டி.எஸ்.ஆர். என்று சொல்வோமே, அவைதான். இங்கே அவற்றைத் தங்கு நிரல் என்று சொல்கிறேன். மவுஸ் டிரைவர், சிடிக்கான எம்எஸ்சிடெக்ஸ், டிஸ்க்கை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ், பிரெஞ்சு எழுத்துக்கான கீப், பழைய கட்டளைகளை நினைவில் வைக்கும் டாஸ்கீ எல்லாமே இந்த ரகம். ஒண்டுக்குடித்தனம் போல எல்லோரும் ஒரே கூடத்தில்.

சித்தப்பா மகனின் மெஷினில் 'மெம்' கட்டளையை '/சி' சேர்த்துத் தட்டச் சொன்னேன். யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. எம்எஸ்சிடெக்ஸ் 27 கே.பி., அதற்குக் கீழே சிடி டிரைவர் தனியாக, ஸ்மார்ட்டிரைவ் 28, மவுஸ் 17. மிச்சம் 500-க்கும் குறைவு. ஃபால்கன் 3.0 கேட்பது 600-க்கு மேல்.

## எதை வைத்து எடை போடுவது

கீழே எவ்வளவு காலி? 640-க்குள் கேமுக்குக் கிடைக்கும் தொடர்ச்சியான இடம். மேலே உள்ள 384 கே.பி.யில் பயன்படாத இடைவெளிகள் உண்டு. அங்கே தங்கு நிரல்களை ஏற்றி வைக்கலாம். நான் அதைப் பரண் என்று சொல்வேன். 1990-இல் டிஆர் டாஸ் 5.0, 1991-இல் எம்எஸ்-டாஸ் 5.0 இரண்டும் இந்தப் பரணைத் திறந்துவிட்டன.

சிபியு எந்த நிலையில்? பரணைத் திறக்கும் இஎம்எம்386 போன்ற மெமரி மேலாளர்கள், சிபியுவை வி86 என்னும் மெய்நிகர் நிலைக்கு மாற்றிவிடுகின்றன. பெரும்பாலான கேம்கள் கவலைப்படாது. சில அடியோடு மறுக்கும். 1992-இன் அல்டிமா 7 தனக்கென்று ஒரு மெமரி வித்தை வைத்திருந்தது. இஎம்எம்386 இருந்தால் அது ஓடாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1990-இன் விங் கமாண்டர்: இஎம்எஸ் என்னும் கூடுதல் மெமரியைக் கொடுத்தால்தான் விமானியின் கை அசைவது போன்ற காட்சிகளைக் காட்டும். 1993-இன் டூம் மூன்றாவது வகை. டாஸ்/4ஜிடபிள்யூ என்ற விரிவாக்கியோடு வருவதால் மேல் மெமரியை அதுவே எடுத்துக்கொள்ளும். கீழே பெரிதாகக் கேட்காது, மொத்தத்தில் 4 எம்.பி. வேண்டும்.

சண்டை வருமா? ஒரே இன்டரப்டை இரண்டு பேர் பிடித்தால் கீபோர்டு உறையும், நேரம் தவறும், திரை சிதறும்.

தங்கு நிரல் எதற்கு வேண்டும்? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மவுஸ், சிடி, சவுண்டு போன்றவை வன்பொருளுக்கான தூதர்கள். வன்பொருளே மென்பொருள் போடும் வேஷம் என்றால் தூதர் தேவையில்லை. சைடுகிக் அப்படியல்ல. பார்வையற்றோருக்கான திரைப்படிப்பி நிரல்களும் அப்படியல்ல: 1989-இல் வந்த டாஸ் கால ஜாஸ் மெமரியில் தங்கியபடி திரையில் உள்ளதைப் பேச்சுக் கருவிக்கு அனுப்பும். எழுத்து வடிவ சாகச கேமை ஒருவர் காதால் விளையாட வேண்டுமென்றால், அந்தத் தங்கு நிரல் இல்லாமல் கேமே இல்லை.

செலவு. பணம், நேரம். நம் ஊரில் ஈரமும் உப்புக் காற்றும்.

| வழி | கீழே காலி இடம் | சிபியு நிலை | தங்கு நிரல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பழைய மெஷின், எம்எஸ்-டாஸ் 6.22 | உழைத்தால் 600-க்கு மேல் | நாமே தேர்ந்தெடுக்கலாம் | எல்லாம் ஓடும் | பேட்டரி, டிஸ்க், பூஞ்சை |
| ஃப்ரீடாஸும் சிறு நிரல்களும் | 600-க்கு மேல், எளிதாக | நாமே தேர்ந்தெடுக்கலாம் | பெரும்பாலும் ஓடும் | படித்துச் சோதிக்கும் நேரம் |
| விண்டோஸ் 98 | நல்ல அளவு | எப்போதும் வி86 | ஜன்னலுக்குள் மட்டும் | பொருத்தமான மெஷின் தேடுவது |
| டாஸ்பாக்ஸ் | 632 கே.பி. வாக்கில் | கேமுக்கு ஏற்றபடி | பெரும்பாலும் தேவையே இல்லை | கேமுக்குக் கேம் அமைப்பு |
| 86பாக்ஸ் | பழைய மெஷின் போலவே | நாமே தேர்ந்தெடுக்கலாம் | எல்லாம் ஓடும் | வலுவான சிபியு, ரோம் கோப்புகள் |

## வழி 1: பழைய மெஷின், எம்எஸ்-டாஸ் 6.22

உண்மையான சவுண்டு பிளாஸ்டர் கார்டின் ஒலியும் குழாய்த் திரையின் ஒளியும் வேண்டுமானால் இதுதான். ஆனால் ஒரே அமைப்பில் எல்லா கேமையும் ஓட்டலாம் என்று நினைத்தால் மாதக்கணக்கில் அல்லாடுவீர்கள். டாஸ் 6 தொடங்கும்போதே மெனு காட்டும் வசதி அதற்காகவே வந்தது. டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் மூன்று பிரிவுகள் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்டோஎக்செக்.பேட் கோப்பும் தேர்ந்தெடுத்த பிரிவின் பெயரைப் பார்த்துத் தன் பாதையைப் பிரித்துக்கொள்ளும்.

முதல் பிரிவில் 1 எம்.பி.க்கு மேலுள்ள மெமரியைத் திறக்கும் ஹைமெம் மட்டும், டாஸ் மேலே ஏற்றப்பட்டிருக்கும். பரண் கிடையாது, அல்டிமா 7 போன்றவற்றுக்கு. இரண்டாவதில் இஎம்எம்386-ஐ 'நோ-இஎம்எஸ்' என்று போட வேண்டும். இஎம்எஸ் சட்டகத்துக்காக ஒதுக்கப்படும் 64 கே.பி. மிச்சமாகி, பரண் அகலும். தங்கு நிரல்கள் நிறைய இருந்து, கேம் இஎம்எஸ் கேட்காவிட்டால் இது. மூன்றாவது, 'ராம்' என்று போட்டு இஎம்எஸ் கொடுப்பது. விங் கமாண்டர் வகைக்கு.

பரணில் ஏற்றும் வரிசையைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு நிரல் தங்கியபின் பிடிக்கும் இடத்தைவிட, ஏறும் நேரத்தில் அதிக இடம் கேட்கலாம். 10 கே.பி.யில் அடங்கும் நிரல் ஏறும்போது 30 கேட்டால், 20 கே.பி. காலியாக உள்ள பரணில் அது ஏறாது. சத்தம் போடாமல் கீழேயே உட்கார்ந்துவிடும். அதனால் பெரியதை முதலில் ஏற்ற வேண்டும், சின்னவற்றைக் கடைசியில். டாஸ் 6-இன் மெம்மேக்கர் இந்த வரிசையைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும். முதல் தடவைக்கு அதை ஓடவிட்டு, பிறகு கையால் திருத்துவதே என் பழக்கம்.

இதைவிடப் பெரிய ஆதாயம் ஆட்களை வெளியே அனுப்புவதில் இருக்கிறது. சிடி இல்லாத கேமுக்கு எம்எஸ்சிடெக்ஸ் எதற்கு? கேம் ஓடும்போது டாஸ்கீயை யார் கேட்டார்கள்? சித்தப்பா மகனின் மெஷினில் பரணைத் திறப்பதற்கு முன்பே, வேண்டாதவற்றை நீக்கியதில் மட்டும் 90 கே.பி.க்கு மேல் கிடைத்தது.

கீப் நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் தீவுகளில் பிரெஞ்சு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. கீப் இல்லாவிட்டால் டாஸ் உங்கள் அசெர்ட்டியை அமெரிக்கக் கீபோர்டாகவே பார்க்கும். ஏ-யும் கியூவும் இடம் மாறும், இசட்டும் டபிள்யூவும் மாறும், எம் வேறெங்கோ போய்விடும். ஆனால் பல கேம்கள் கீபோர்டு இன்டரப்டை நேரடியாகப் பிடித்து, விசை எண்ணையே படிக்கின்றன. கீப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றுதான். அங்கே கீப்பை விட்டுவிட்டு 6 கே.பி.யை மிச்சம் பிடிக்கலாம். கையேட்டிலிருந்து ஒரு சொல்லைத் தட்டச் சொல்லும் கேம்களில் கீப் வேண்டியிருக்கலாம். கீப் இருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் அழுத்தினால் அமெரிக்க அமைப்புக்குப் போகும். எஃப்2 திரும்பக் கொண்டுவரும்.

மறைந்த செலவுக்கு வருவோம். 486 போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். ஆண்டுகள் போனால் அது கசிந்து போர்டின் தடங்களை அரித்துவிடும். மெஷினை எடுத்ததும் முதல் வேலை அதை வெட்டி எடுப்பது. ஸ்விட்ச் போடுவது அதற்குப் பிறகுதான். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ அடாப்டரோடு பொருத்தலாம். பழைய பயாஸ் 504 எம்.பி.க்கு மேல் பார்க்காது என்பதால் பெரிய கார்டு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கியூர்பிப் போன்ற மேட்டுப் பகுதியில் வருடம் முழுக்க ஈரம். ஃபிளாப்பியின் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால், அதை டிரைவில் போட்ட மாத்திரத்தில் டிரைவின் தலையும் கெடும். ஷட்டரை நகர்த்தி, வெளிச்சத்தில் வட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

## வழி 2: ஃப்ரீடாஸும் புது சிறு நிரல்களும்

எம்எஸ்-டாஸை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்ன 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய திட்டம் ஃப்ரீடாஸ். முதல் முழுப் பதிப்பு 2006-இல் வந்தது, 1.3 பதிப்பு 2022-இல். இலவசம், சட்டச் சிக்கல் இல்லை.

இதன் உண்மையான செல்வம் கூட வரும் சிறு நிரல்கள். பழைய மவுஸ் டிரைவர் 17 கே.பி. கேட்கும் இடத்தில் க்யூட்மவுஸ் மூன்று நான்கு கே.பி.யோடு நிற்கும். எம்எஸ்சிடெக்ஸுக்குப் பதில் எஸ்எச்எஸ்யூசிடிஎக்ஸ், சில கே.பி.யில் முடிந்துவிடும். ஹைமெமும் இஎம்எம்386-உம் செய்யும் வேலையை ஜெம்எக்ஸ் என்ற ஒரே நிரல் செய்யும்.

இவை எம்எஸ்-டாஸ் 6.22-இலும் ஓடும். அதனால் சித்தப்பா மகனிடம் டாஸையே மாற்றச் சொல்லவில்லை. மவுஸை மட்டும் க்யூட்மவுஸாக மாற்றி, சிடியை அதற்கான பிரிவுக்குத் தள்ளினோம். காலி இடம் 615-ஐத் தாண்டியது. ஃபால்கன் எழுந்து பறந்தது. ஓடுகிற டாஸை மாற்றாமல் குடியிருப்பவர்களை மட்டும் மாற்றும் இந்த நடுவழிதான் பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

யூஎம்பிபிசிஐ என்ற சிறு நிரல் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரு பழைய முடிச்சை அவிழ்க்கிறது. இது போர்டின் சிப்செட்டைக் கொண்டே பரணைத் திறக்கிறது. சிபியு வி86-க்குப் போகாது. அதாவது அல்டிமா 7-உம் ஓடும், தங்கு நிரல்களும் மேலே இருக்கும். ஆனால் பிசிஐ என்னும் கார்டு இணைப்பு உள்ள சிப்செட் வேண்டும். பென்டியம் போர்டுகளில் சரி, அதற்கு முந்தைய ஐஎஸ்ஏ இணைப்பு மட்டும் உள்ள 486-இல் பயனில்லை. சில சிப்செட்களில் பரணுக்குள் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் கார்டுகள் நேரடியாகத் தரவு அனுப்பும் முறை) போகாது, ஆகவே ஃபிளாப்பியையும் சவுண்டையும் ஒரு தடவை சோதித்துவிட்டு நம்புங்கள்.

அண்மையில் வந்த எஸ்பிஎமு என்ற தங்கு நிரல், சற்றுப் புதிய மெஷின்களின் ஒலிச் சிப்பை சவுண்டு பிளாஸ்டர் போல நடிக்க வைக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் பழைய பயாஸ் முறையில் தொடங்க முடியாத இன்றைய லேப்டாப்பில் டாஸே ஏறாது.

## வழி 3: விண்டோஸ் 98

இதை மறந்தே போனோம் என்பது எனக்கு வருத்தம். விண்டோஸ் 98-இன் டாஸ் ஜன்னலில் மவுஸ், சிடி, டிஸ்க் கேஷ் எதற்கும் கீழே இடம் தேவையில்லை. அவை 32-பிட் டிரைவர்களாக வேறிடத்தில் இருக்கின்றன. கான்ஃபிக்.சிஸ் கோப்பையும் ஆட்டோஎக்செக்.பேட் கோப்பையும் ஏறக்குறைய வெறுமையாக வைத்தால் போதும்.

தங்கு நிரல்களுக்கு இதில் அழகான ஒரு வசதி உண்டு. ஒரு ஜன்னலுக்குள் ஏற்றிய தங்கு நிரல் அந்த ஜன்னலுக்கு மட்டும்தான். ஜன்னலை மூடினால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு கேமுக்கும் தனிக் குறுக்குவழி வைத்து, எதற்கு எது ஏற வேண்டும் என்று எழுதலாம்.

குறை என்னவென்றால் ஜன்னலுக்குள் எப்போதும் வி86 நிலைதான். அல்டிமா 7 போன்றவற்றுக்கு 'எம்எஸ்-டாஸ் மோடில் மறுதொடக்கம்' தேவை, அங்கே போனால் மறுபடி வழி 1-இன் கணக்குத்தான். 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதால் இந்த மெஷினை இணையத்தில் இணைக்காதீர்கள். 1990களின் கடைசியில் வந்த பென்டியம் 2 அல்லது 3 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டுமே இந்த வழி. இதற்கென்று தேடி வாங்க வேண்டாம்.

## வழி 4: டாஸ்பாக்ஸ்

64-பிட் விண்டோஸில் பழைய 16-பிட் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடாது. அந்த இடத்தை, பழைய டாஸ் மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளாக 2002-இல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் நிரப்பியது. இன்று அதன் கிளைகளான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இரண்டும் வேகமாக வளர்கின்றன.

திறந்ததும் 'மெம்' தட்டிப் பாருங்கள்: 632 கே.பி. வாக்கில் காலி. 1990களில் அதற்காக இரவெல்லாம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும். மவுஸ், சிடி, சவுண்டு பிளாஸ்டர் எல்லாமே போலி மெஷினுக்குள்ளேயே இருப்பதால், அவற்றின் தூதர்களுக்கு இடமே வேண்டாம். தங்கு நிரல் சிக்கலில் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடுகிறது. இஎம்எஸ் வேண்டுமா வேண்டாமா என்பதும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி.

வியப்பான விஷயம் ஒன்று. இடம் அதிகமாக இருப்பதாலேயே உடையும் நிரல்கள் உண்டு! ஒரு காலத்தில் சுருக்கிக் கட்டப்பட்ட சில நிரல்கள், மெமரியின் முதல் 64 கே.பி.க்குள் ஏறினால், தொகுப்பு பழுதாகிவிட்டது என்று பிழை காட்டி நிற்கும். அந்தக் காலத்தில் டாஸும் தங்கு நிரல்களும் கீழே அடைத்து நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. 'லோட்ஃபிக்ஸ்' என்ற கட்டளை வேண்டுமென்றே கீழே இடத்தை நிரப்பிவிட்டு கேமை மேலே ஏற்றும். டாஸ்பாக்ஸிலும் அது உண்டு, எம்எஸ்-டாஸ் 5-லிருந்தும் உண்டு.

சரி, தங்கு நிரலே வேண்டும் என்றால்? எளிமையானவை ஓடும். ஆனால் டாஸ்பாக்ஸுக்குள் இருப்பது முழுமையான டாஸ் அல்ல, கேம்களுக்குத் தேவையான அளவுக்கு எழுதப்பட்டது. டாஸின் உள் அமைப்புகளைத் துழாவும் தங்கு நிரல்கள் தடுமாறலாம். உண்மையான டாஸ் வட்டிலிருந்து தொடங்கவும் முடியும். அப்படிச் செய்தால் நம் கோப்புறைகள் தெரியாது, வட்டுப் படிமங்கள் (ஒரு வட்டின் முழு நகலான கோப்புகள்) வேண்டும், மவுஸ் டிரைவரையும் நாமே ஏற்ற வேண்டும். 632 என்ற சொகுசு அங்கே முடிந்தது.

அத்தை மகளுக்கு இதையே சொன்னேன். கீபோர்டு அமைப்பை அமைப்புக் கோப்பில் பிரெஞ்சாக மாற்றி, சிடியைப் படிமமாக இணைத்தாள். அரை மணி நேரத்தில் கேம் ஓடியது. மறைந்த செலவு என்று பார்த்தால் வேகம். கேமுக்கு எத்தனை சைக்கிள் (போலி சிபியுவின் வேக அளவு) வேண்டும் என்று கன்ட்ரோலோடு எஃப்11, எஃப்12 அழுத்திக் கூட்டிக் குறைத்துத் தேட வேண்டும். கண்டுபிடித்ததை அந்த கேமின் தனி அமைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். அப்புறம், புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளில் மின்சாரம் நின்றாலும் லேப்டாப்பின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். 486 தாங்காது.

சில கேம்களுக்கு டாஸ்பாக்ஸ்கூட வேண்டாம். மங்கி ஐலண்டு போன்றவற்றுக்கு ஸ்கம்விஎம், அல்டிமா 7-க்கு எக்ஸல்ட் என்று இன்றைய மெஷினிலேயே கேமை ஓட்டும் நிரல்கள் இருக்கின்றன. கேமின் தரவுக் கோப்புகள் மட்டும் போதும். டாஸே இல்லை, 640-உம் இல்லை.

## வழி 5: 86பாக்ஸ்

பிசிஎம் என்ற திட்டத்திலிருந்து கிளைத்த 86பாக்ஸ், ஒரு குறிப்பிட்ட போர்டு, ஒரு குறிப்பிட்ட சிப்செட், ஒரு குறிப்பிட்ட சவுண்டு கார்டு என்று மெஷினையே பெயர்த்து வைக்கிறது. அதில் டாஸை நாம்தான் நிறுவ வேண்டும். பரண், இஎம்எஸ், இன்டரப்டுச் சண்டை எல்லாம் அப்படியே வரும். கேம் மட்டும் விளையாட வேண்டியவருக்கு இது வீண் சுமை. தங்கு நிரலே உயிர் என்பவருக்கு இதுவே சரியான இடம், ஏனென்றால் உள்ளே ஓடுவது உண்மையான டாஸ்.

ரோஸ் ஹில் ஆசிரியரின் வேலையை இங்கேதான் முடித்தோம். போர்லாண்டு நிறுவனம் 1984-இல் வெளியிட்ட சைடுகிக், தங்கு நிரல்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கன்ட்ரோலும் ஆல்டும் சேர்த்து அழுத்தினால் குறிப்பேடும் கால்குலேட்டரும் காலண்டரும் விரியும். ஆனால் கீபோர்டு இன்டரப்டை யாராவது பின்னால் வந்து பிடித்தால் மீண்டும் தன்னிடமே இழுத்துக்கொள்ளும் பிடிவாதம் அதற்கு உண்டு; அதனால்தான் எல்லாவற்றுக்கும் கடைசியாக ஏற்றச் சொல்வார்கள். எழுத்துத் திரைக்கான நிரல் அது. கிராஃபிக்ஸ் கேமின் நடுவே அதைக் கூப்பிடுவது இரண்டையும் கெடுக்கும்.

"ஐயா, கேம் ஓடும்போது குறிப்பேடு வேண்டுமா, கேமுக்கு முன்னும் பின்னும் போதுமா?" என்று கேட்டேன். முன்னும் பின்னும் போதும் என்றார். அங்கேயே முடிச்சு அவிழ்ந்தது. டர்போபவரின் மார்க், ரிலீஸ் என்ற இரண்டு சிறு நிரல்களை எடுத்தோம். சைடுகிக் ஏறுவதற்கு முன் மார்க் ஒரு அடையாளக் கல் நடும். ரிலீஸ் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஏறிய அனைத்தையும் இறக்கி, இன்டரப்டுகளையும் பழைய நிலைக்குத் திருப்பும். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு எழுதினோம்: ரிலீஸ், கேம், கேம் முடிந்ததும் மார்க், மறுபடி சைடுகிக். பேரன் அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும். அவன் எழுந்து போனதும் ஆசிரியர் கன்ட்ரோலையும் ஆல்டையும் அழுத்த, குறிப்பேடு விரிகிறது.

செலவு: ரோம் கோப்புகளை (பழைய போர்டுகளின் பயாஸ் நகல்களை) தனியாகச் சேர்க்க வேண்டும், பென்டியம் அளவு மெஷினைப் பெயர்க்க இன்றைய சிபியு வலுவாக இருக்க வேண்டும். பழைய ஐ3 லேப்டாப்பில் 386, 486 அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

## யாருக்கு எதைச் சொல்வேன்

கேம் மட்டும் வேண்டும், பழைய மெஷின் இல்லை: டாஸ்பாக்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

கேம் நடுவிலோ பக்கத்திலோ ஒரு தங்கு நிரலும் வேண்டும்: 86பாக்ஸ், கூடவே மார்க்கும் ரிலீஸும். திரைப்படிப்பி போல முழு நேரமும் வேண்டிய தங்கு நிரல் என்றால் அதையே முதலில் ஏற்றி, கீழே மிஞ்சும் இடத்துக்கு ஏற்ற கேமைத் தேர்ந்தெடுங்கள். நிரலை கேமுக்காகத் துரத்தாதீர்கள்.

நல்ல நிலையில் 486 இருக்கிறது: எம்எஸ்-டாஸ் 6.22, மூன்று பிரிவு மெனு, க்யூட்மவுஸ். டாஸ் வட்டுகள் இல்லாவிட்டால் ஃப்ரீடாஸ். பிசிஐ போர்டோடு பென்டியம் இருந்து அல்டிமா 7-உம் வேண்டுமென்றால் யூஎம்பிபிசிஐ.

மெஷின் நிலைமை தெரியாமல் பரணில் கிடக்கிறது, நான் வீட்டுப் பரணைச் சொல்கிறேன்: பேட்டரியை வெட்டுங்கள். பிறகு எந்த வழியில் போவதானாலும், நவம்பரில் மழையும் புயலும் தொடங்குமுன் ஃபிளாப்பிகள் எல்லாவற்றையும் படிமமாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சித்தப்பாவின் பெட்டியில் இருந்த 22 ஃபிளாப்பிகளில் 9 ஏற்கெனவே படிக்க முடியவில்லை.